வெட்டுப்பட்ட பக்கங்கள்: மார்ஷல் ஜுக்கோவின் யுத்த நினைவுகள்

(தொழிலாளர் படிப்பகக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். எட்டு மணி நேரம் இயந்திர இரைச்சலில் நின்றுவிட்டு வந்திருப்பவர்களிடமும், பகலெல்லாம் சேற்றில் குனிந்த முதுகோடு வந்திருப்பவர்களிடமும் புத்தகத்தைப் பற்றியா பேசுவது என்று சிலர் நினைக்கலாம். பேசத்தான் வேண்டும். இதை எழுதியவர் நம்மைப் போன்ற ஒரு குடிசையில் பிறந்தவர். அவர் எழுதியதை எழுதியபடி அச்சேற விடாமல் தடுத்தவர்களோ, நாம் பிடித்திருக்கும் அதே செங்கொடியைப் பிடித்திருந்தவர்கள். இந்தக் கதையை எதிரியின் வாயால் அரைகுறையாகக் கேட்பதைவிட நாமே முழுதாகப் பேசிக்கொள்வது நல்லது.

புத்தகத்தின் பெயர் 'நினைவுகளும் சிந்தனைகளும்'. எழுதியவர் கியார்கி ஜுக்கோவ், சோவியத் யூனியனின் மார்ஷல். 1941-ல் மாஸ்கோவின் வாசலில் ஹிட்லரின் சேனையைத் தடுத்து நிறுத்திய போர்முனைக்குத் தளபதி. ஸ்டாலின்கிராடில் நாஜிப் படையைச் சுற்றி வளைத்த திட்டத்தை வகுத்தவர்களில் ஒருவர். 1945 மே 8 நள்ளிரவில் பெர்லினின் கார்ல்ஷோர்ஸ்ட் பகுதியில் ஜெர்மானிய ராணுவம் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டபோது, சோவியத் தரப்பில் அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1957 ஜனவரியில் டில்லிக் குடியரசு தின அணிவகுப்பில் சோவியத் பாதுகாப்பு மந்திரியாக, விருந்தினராக நின்றார். அதற்கு ஒன்பது மாதம் கழித்து அவர் மந்திரியும் அல்ல, எதுவும் அல்ல. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ரஷ்யாவில் கலூகா மாகாணத்தில் ஸ்ட்ரெல்கோவ்கா என்றொரு கிராமம். 1896-ல் அங்கே பிறந்தார். அப்பா செருப்புத் தைக்கிற தொழிலாளி. அம்மா வண்டியில் பாரம் ஏற்றிக் கூலிக்கு ஓட்டுவாள். அறுப்புக் காலம் வந்தால் வயல் வேலை. வீட்டின் கூரை பழசாகி இடிந்து விழுந்தது என்று எழுதுகிறார். சிறுவனாக முதல்முறை அரிவாளைப் பிடித்துக் கதிர் அறுக்கப் போனவர் இடது கைச் சுண்டுவிரலை அறுத்துக்கொண்டார். அந்தத் தழும்பைப் பல வருஷம் கழித்தும் மறக்காமல் குறிப்பிடுகிறார். இங்கே உட்கார்ந்திருக்கும் தோழர்கள் தங்கள் இடது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டால் போதும், நாம் விளக்கத் தேவையில்லை.

மூன்று வகுப்புப் படிப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மாஸ்கோவில் மாமன் ஒருவர் ரோமத்தோல் உடுப்புத் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். பையனை அங்கே தொழில் பழகக் கொண்டுபோய் விட்டார்கள். காலை 7 மணிக்கு வேலை தொடங்கும், மாலை 7 மணிக்கு முடியும், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. வேலை நெருக்கடி வந்தால் இரவு 10 மணி, 11 மணி. படுக்கை பட்டறைத் தரையில். தப்புச் செய்தாலும் அடி, செய்யாவிட்டாலும் அடி. மாமன் முதலாளியானால் மருமகனுக்குத் தனிச் சட்டம் கிடையாது! 1915-ல் ஜாரின் ராணுவத்துக்குக் கட்டாயமாகப் பிடித்துப் போனார்கள். 1918-ல் செஞ்சேனையில் சேர்ந்தார். 1919-ல் கட்சி உறுப்பினர் ஆனார். தோல் தைத்த பையன் இருபது வருஷத்தில் படைத்தளபதி ஆனது, புரட்சி நடந்திராவிட்டால் நடந்திருக்கக்கூடிய காரியமல்ல. இதை ஜுக்கோவே மனதார ஒப்புக்கொள்கிறார்.

முதலாளி அடித்ததை எழுதினால் மாஸ்கோவில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கத்தரிக்கோல் மும்முரமாகிற இடம் 1937.

அந்த வருஷம் என்ன நடந்தது? ஜூன் மாதத்தில் மார்ஷல் துகாசெவ்ஸ்கியும் அவரோடு வேறு பெரிய தளபதிகளும் அந்நியரின் கையாட்கள் என்று குற்றம் சாட்டப்பட்டு, ரகசிய விசாரணை நடத்தி உடனே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சோவியத் யூனியனில் அன்று இருந்த மார்ஷல்கள் ஐந்து பேர். அவர்களில் மூன்று பேரை இந்த வேட்டை விழுங்கியது. 1937, 1938 ஆகிய இரண்டே வருஷத்தில் ராணுவத்திலிருந்து நீக்கப்பட்ட அதிகாரிகளின் எண்ணிக்கை முப்பதாயிரத்துக்கு மேல். சிலர் பின்னால் திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை. இவர்கள் குற்றமற்றவர்கள் என்று சோவியத் சர்க்காரே ஸ்டாலின் மறைந்த பிறகு ஒப்புக்கொண்டது.

ஜுக்கோவ் அப்போது பைலோரஷ்யாவில் ஒரு குதிரைப்படைப் பிரிவின் தளபதி. சுட்டுக் கொல்லப்பட்ட உபோரேவிச் அவருடைய மேலதிகாரி. உடன் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். ஒரு நாள் மின்ஸ்க் நகருக்கு அழைப்பு வந்தது. கைதானவர்களில் உறவினர் உண்டா, நண்பர் உண்டா என்று கேள்வி. உறவினர் இல்லை, நண்பர்கள் உண்டு என்றார். பெயர்களையும் சொன்னார். அவர்கள் நாட்டுப்பற்றுள்ளவர்கள், நேர்மையான கம்யூனிஸ்டுகள் என்றே நினைக்கிறேன் என்றும் சொன்னார். மக்கள் விரோதிகளைப் புகழ்வது ஆபத்து என்று எச்சரிக்கை வந்தது. அடுத்த கேள்வி: உன் மகளுக்குச் சர்ச்சில் ஞானஸ்நானம் செய்தாயாமே? இப்படியும் ஒரு புகார் போயிருக்கிறது! யுத்தம் நாட்டின் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிற நேரத்தில், ஒரு படைத்தளபதி தன் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்தானா இல்லையா என்று விசாரணை நடக்கிறது.

ஜுக்கோவ் தப்பினார். எப்படித் தப்பினார் என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் தப்பியவனுக்கும் காரணம் தெரியாது, மாட்டியவனுக்கும் காரணம் தெரியாது. அக்கம்பக்கத்தில் ஒருவரோடு ஒருவர் பேசவே ஜனங்கள் பயந்தார்கள் என்று எழுதிவைத்தார். இந்தப் பகுதிதான் 1969-ல் வந்த முதல் பதிப்பில் வெட்டப்பட்டது. சோஷலிஸ்ட் சட்டநெறிக்கு மாறாகச் சில கைதுகள் நடந்தன, அது வருந்தத்தக்கது என்ற தோரணையில் சில வரிகள் மட்டும் மிஞ்சின.

கூலி நெல் அளக்கிற மிராசுதாரின் ஆள் மரக்காலின் தலையைக் கையால் தட்டிவிட்டு அளப்பதை நம் விவசாயத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். மரக்கால் அதே மரக்கால்தான். எண்ணிக்கையும் சரியாக இருக்கும். வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்த்தால்தான் குறைவு தெரியும். 1969-ல் வந்த புத்தகமும் அப்படித்தான். பெரிய புத்தகம், நல்ல புத்தகம். பொய்ப் புத்தகம் என்று அதைச் சொன்னால் அநியாயம். ஆனால் தலை தட்டி அளந்த புத்தகம்.

அதில் இருப்பதையும் சொல்ல வேண்டும். 1941 ஜூன் 22 விடியற்காலையைப் பற்றிய பக்கங்கள் அதில் உண்டு. ஜெர்மானிய விமானங்கள் நகரங்களின் மேல் குண்டு போடத் தொடங்கிவிட்டன. ராணுவத் தலைமை அலுவலகத்தின் தலைவரான ஜுக்கோவ் ஸ்டாலினுக்குப் போன் செய்கிறார். தூங்குகிறவரை எழுப்பச் சொல்கிறார். செய்தியைச் சொன்னதும் மறுமுனையில் பேச்சில்லை. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்கிறது. சொன்னது புரிந்ததா என்று திருப்பிக் கேட்கிறார். இந்தக் காட்சியைத் தணிக்கைக்காரர்கள் விட்டுவைத்தார்கள்.

ஜூலை கடைசியில் கீவ் நகரைப் பற்றி எழுந்த வாக்குவாதமும் இருக்கிறது. அந்த நகரை விட்டுப் படையைப் பின்னுக்கு இழுக்காவிட்டால் சுற்றி வளைத்துவிடுவார்கள் என்று ஜுக்கோவ் சொல்ல, ஸ்டாலினுக்குக் கோபம் வந்தது. அப்படியானால் என்னைப் பதவியிலிருந்து விடுவித்துப் போர்முனைக்கு அனுப்புங்கள் என்று இவர் சொல்ல, அப்படியே நடந்தது. செப்டம்பரில் அவர் எச்சரித்தபடி கீவ் வளைக்கப்பட்டது. சிறைப்பட்டவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல் என்று ஜெர்மானியர் கணக்குச் சொன்னார்கள்.

ஆறு லட்சம்! ஒரு நிமிஷம் நின்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் யார்? டிராக்டர் ஓட்டியவர்கள், தறி ஓட்டியவர்கள், நிலக்கரி வெட்டியவர்கள். யுத்தம் முழுவதிலும் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட சோவியத் சிப்பாய்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல். அவர்களில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டினியாலும் குளிராலும் துப்பாக்கியாலும் மாண்டார்கள். உயிரோடு திரும்பியவர்களுக்குச் சொந்த நாட்டில் என்ன வரவேற்பு? சிறைப்படுவதே துரோகம் என்று 1941 ஆகஸ்டில் போட்ட உத்தரவு அவர்கள் தலைமேல் தொங்கியது. விசாரணை முகாம், சந்தேகம், பலருக்குக் கட்டாய உழைப்பு. நாஜி முகாமில் சாகாமல் வந்ததே குற்றமாகிவிட்டது.

1956-ல் பாதுகாப்பு மந்திரியாக இருந்த ஜுக்கோவ் இந்தச் சிப்பாய்களுக்காகக் குரல் கொடுத்தார். அவர்களுடைய நிலையை ஆராய அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். அந்த வருஷம் கட்சியின் மத்தியக் கமிட்டியில் பேசுவதற்காக ஒரு நீண்ட உரையும் தயாரித்து வைத்திருந்தார். 1941-ன் தோல்விகளுக்குக் காரணம் என்ன, சிறைப்பட்ட சிப்பாய்க்கு இழைத்த அநீதி என்ன என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்தக் கூட்டமே கூட்டப்படவில்லை. உரை பீரோவுக்குள் போயிற்று. ஜுக்கோவின் புத்தகத்துக்கு முன்பே ஜுக்கோவின் பேச்சு தணிக்கை செய்யப்பட்டது என்று இதைச் சொல்லலாம்.

அவரை ஒதுக்கியவர்கள் ஒருவர் இருவர் அல்லர். யுத்தம் முடிந்த மறுவருஷமே, வெற்றியின் புகழைத் தனக்கே சூட்டிக்கொள்கிறார் என்று குற்றம் சாட்டி, ஸ்டாலின் அவரை ஒடெஸாவுக்கும் பிறகு யூரலுக்கும் அனுப்பினார். 1953-க்குப் பிறகு திரும்பி வந்தார். 1957 ஜூனில் கட்சித் தலைமைக்குள் எழுந்த போட்டியில் குருஷேவின் பக்கம் உறுதியாக நின்று அவரைக் காப்பாற்றினார். அந்த அக்டோபரிலேயே, அவர் யூகோஸ்லாவியாவிலும் அல்பேனியாவிலும் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, அதே குருஷேவின் தலைமை அவரைக் கவிழ்க்க ஏற்பாடு செய்து முடித்துவிட்டது. ராணுவத்தில் கட்சியின் பிடியைத் தளர்த்தினார், தனிமனிதப் புகழைத் தேடினார் என்பது குற்றச்சாட்டு. ராணுவத்துக்குக் கட்சியின் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் நமக்கு அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் ஒருவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவருடைய கணக்கை முடிப்பது எந்த ஸ்தாபன முறையில் சேரும்?

பிறகு யுத்தத்தின் சரித்திரம் ஆறு பெரிய தொகுதிகளாக வந்தது. ஜுக்கோவின் பங்கு அதில் சுருங்கிக் கிடந்தது. மாஸ்கோவுக்கு வெளியே ஒரு வீட்டில், கிழவர் தானே எழுத உட்கார்ந்தார். தன் கையால் எழுதினார். ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பழைய உத்தரவுகளைத் தேடிப் படித்தார். 1963-ல் அவர் வீட்டில் என்ன பேசுகிறார், என்ன எழுதுகிறார் என்று ரகசியப் போலீஸ் தலைமைக்கு அறிக்கை அனுப்பியது. இந்தப் பேச்சை நிறுத்தாவிட்டால் கட்சியிலிருந்து விலக்கிக் கைது செய்ய நேரும் என்று அவரை எச்சரிக்க மேலிடம் முடிவெடுத்தது. எச்சரிக்கை சொல்ல நியமித்தவர்களில் ஒருவர் பிரெஷ்னேவ். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1964-ல் குருஷேவ் போனார், பிரெஷ்னேவ் வந்தார். 1965 மே மாதம் வெற்றியின் இருபதாம் ஆண்டு விழாவுக்கு ஜுக்கோவை அழைத்தார்கள். கிரெம்ளின் மண்டபத்தில் அவர் நுழைந்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. ஜனங்கள் மறக்கவில்லை என்பது அன்று தெரிந்தது. அந்த வருஷமே நோவோஸ்தி செய்தி ஸ்தாபனத்தின் பதிப்பகம் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அன்னா மிர்கினா என்ற பெண் பதிப்பாசிரியராக அமர்ந்தார்.

பிரதி பதிப்பகத்துக்குப் போனது. அங்கிருந்து மேலே போனது. மேலேயிருந்து இன்னும் மேலே போனது. ராணுவத்தைப் பற்றி எழுதிய எதுவும் ராணுவ அரசியல் இலாகாவின் பார்வைக்குப் போகாமல் அன்று அச்சேறாது. அதற்கு மேல் கட்சித் தலைமை. மாதங்கள் வருஷங்களாயின. பொறுமை இழந்த ஜுக்கோவ் பிரெஷ்னேவுக்கும் பிரதம மந்திரி கோசிகினுக்கும் கடிதம் எழுதினார். இதற்கு நடுவே அவருக்குப் பக்கவாதம் வந்தது. பெர்லினைப் பிடித்த மனிதர் படுக்கையிலிருந்து கொண்டு, எந்தப் பத்தி இருக்கலாம், எந்தப் பத்தி போக வேண்டும் என்று தணிக்கையாளரோடு மல்லுக்கட்டினார்.

வெட்டியதோடு நிற்கவில்லை. ஒட்டவும் செய்தார்கள். 1969-ல் வந்த புத்தகத்தில் ஒரு வேடிக்கையான இடம் உண்டு. 1943 ஏப்ரலில் ஜுக்கோவ் கருங்கடல் ஓரத்துப் போர்முனைக்குப் போகிறார். அவர் அப்போது பிரதம சேனாதிபதிக்கு அடுத்த ஸ்தானத்தில் இருப்பவர். 18-வது படையின் அரசியல் பிரிவுத் தலைவரான கர்னல் பிரெஷ்னேவிடம் கலந்து ஆலோசிக்க விரும்பினோம், அவரோ மலாயா ஜெம்லியா முனையில் இருந்தார் என்று ஒரு செய்தி அங்கே வருகிறது. ஜில்லா கலெக்டர் ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவிடம் யோசனை கேட்கத் தேடிப் போனாராம், குமாஸ்தா ஊரில் இல்லையாம் என்பது போன்ற கதை! குமாஸ்தா பின்னாளில் மந்திரியாகிவிட்டதால் இந்தக் கதை பிறந்தது. இந்த வரியைச் சேர்த்தால்தான் புத்தகம் வரும் என்று தெரிந்தபோது, புத்தியுள்ளவன் படித்துப் புரிந்துகொள்வான் என்ற பொருளில் ஜுக்கோவ் சொன்னதாக மிர்கினா பின்னர் நினைவுகூர்ந்தார். கிழவர் கணக்குத் தெரிந்தவர். ஒரு வரியை விலையாகக் கொடுத்து மற்றப் பக்கங்களை வாங்கிக்கொண்டார்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. தணிக்கைக்காரன் தொடாமலே ஜுக்கோவ் தானே விழுங்கிய இடங்களும் உண்டு. 1942-ல் ர்ஷேவ் பகுதியில் அவர் நடத்திய தாக்குதல்களில் எண்ணற்ற சிப்பாய்கள் மாண்டார்கள், பலன் கிடைக்கவில்லை. அந்தத் தோல்வியை அவர் புத்தகம் விரிவாகப் பேசவில்லை. அவர் கடுமையான தளபதி. கீழே இருப்பவர்களை வாய்க்கு வந்தபடி பேசுவார். அவரோடு போரிட்ட மார்ஷல் ரொக்கசோவ்ஸ்கியே இதை எழுதியிருக்கிறார். தளபதி தன் தோல்வியைச் சுருக்கி எழுதுவது உலக வழக்கம்தான். அதற்காக அவர் எழுதிய மற்ற உண்மையை வெட்ட இன்னொருவனுக்கு உரிமை வந்துவிடாது.

ரொக்கசோவ்ஸ்கி பெயரைச் சொன்னோம். மில் தொழிலாளர்களுக்கு இவரை அவசியம் அறிமுகப்படுத்த வேண்டும். சிறுவயதில் தாய் தந்தையை இழந்து, வார்சா நகரில் காலுறை பின்னும் ஆலையில் வேலை செய்தவர். பிறகு கல் கொத்தினார். அந்த ஆள்தான் 1945 ஜூன் 24-ல் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் வெற்றி அணிவகுப்பை நடத்திக் காட்டிய தளபதி. அணிவகுப்பைப் பார்வையிட்டவர் ஜுக்கோவ்.

இவருடைய நினைவு நூல் 'சிப்பாயின் கடமை' 1968-ல் வந்தது. அது 1940 வசந்தத்தில் குடும்பத்தோடு சோச்சி கடற்கரையில் ஓய்வெடுத்ததோடு தொடங்குகிறது. படிக்கிறவனுக்கு, ஆகா, தளபதி சுகமாகக் கடற்காற்று வாங்கியிருக்கிறார் என்று தோன்றும். எங்கிருந்து வந்து ஓய்வெடுத்தார்? சிறையிலிருந்து! 1937 ஆகஸ்டில் போலந்துக்கும் ஜப்பானுக்கும் உளவாளி என்று பிடித்துப் போனார்கள். 1940 மார்ச்சில் விடுதலை. இரண்டரை வருஷம் சிறையில் கிடந்தவர் வெளியே வந்த மறுவருஷம், தன்னைச் சிறையில் அடைத்த அதே அரசைக் காக்க யுத்தத்தில் இறங்கினார். மாஸ்கோவைக் காத்தார், ஸ்டாலின்கிராடில் வென்றார். இதைவிடப் பெரிய புகழ் ஒரு கம்யூனிஸ்டுக்கு உண்டா? அதைத்தான் புத்தகத்தில் காணோம். வெட்கப்பட வேண்டியவர்கள் சிறைவைத்தவர்கள். சிறை இருந்தவர் ஏன் மறைக்க வேண்டும்?

அவர் 1968 ஆகஸ்டில் காலமானார். 1997-ல் வந்த பதிப்பில்தான் அந்தப் புத்தகத்தில் வெட்டியவை திரும்பச் சேர்ந்தன. 1941 கோடையின் குழப்பத்தில் தன் கையைத் தானே சுட்டுக்கொண்டு போர்முனையிலிருந்து தப்பப் பார்த்த சிப்பாய்களைப் பற்றி அதில் இருக்கிறது. எல்லையில் படைகளை நிறுத்திவைத்திருந்த முறை எவ்வளவு தவறு என்ற அவருடைய கண்டனமும் இருக்கிறது. பயந்த சிப்பாயைப் பற்றி எழுதினால் செஞ்சேனையின் பெயர் கெட்டுப்போகும் என்று தணிக்கைக்காரன் நினைத்திருப்பான். முதல் மாதம் பயந்து நடுங்கிய படைதான் நாலு வருஷத்தில் பெர்லினுக்குப் போனது. அந்தப் பயத்தை எழுதாவிட்டால் அதன் வீரத்தை எப்படி அளப்பது?

மார்ஷல்களின் கதை இப்படி என்றால் சாதாரணச் சிப்பாயின் கதி என்ன? நிகோலாய் நிகூலின் என்பவர் லெனின்கிராடு முனையில் சாதாரணச் சிப்பாயாகவும் சார்ஜெண்டாகவும் போரிட்டவர். பிற்காலத்தில் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் சித்திரக்கலை அறிஞர். 1975-ல் தன் நினைவுகளை எழுதி மேஜை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். யாரிடமும் கொடுத்து அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும். அது அச்சில் வந்தது 2007-ல். முப்பத்திரண்டு வருஷம்! தணிக்கைக்காரன் இல்லாமலே தணிக்கை நடந்தது. இது எல்லாவற்றிலும் மோசமான வகை என்பது நம் அபிப்பிராயம். மஸ்டரில் பேர் ஏறாத தொழிலாளிக்கு விபத்து நடந்தால் அது விபத்தாகவே கணக்கில் வராது அல்லவா, அப்படி.

இப்போது சில தோழர்கள் கேட்பார்கள், ஏற்கெனவே சிலர் கேட்டும் இருக்கிறார்கள்: "இதையெல்லாம் நாமே பேசினால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா?"

நியாயமான கவலைதான். எதிரி சும்மா இருப்பவன் அல்ல. ஹிட்லரைத் தோற்கடித்ததே வேறு யாரோ என்பது போல் சினிமா எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும் உலகம் இது. அந்த யுத்தத்தில் சோவியத் மக்கள் கொடுத்த உயிர் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம். முற்றுகையிட்ட லெனின்கிராடில் 1941 குளிர்காலத்தில் வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு நாள் ரொட்டி 125 கிராம். அந்த ரொட்டியைத் தின்று 872 நாள் நகரம் தாக்குப்பிடித்தது. இதை மறைக்கிறவனோடு நமக்குச் சமரசமே கிடையாது.

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியனா என்று இன்னொரு தோழர் கேட்டார். இல்லை. அதே யுத்தத்தில் நம் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துக் கறுப்பு மை பூசியவன் அவன். 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் பஞ்சத்தில் செத்தபோது பத்திரிகைகளின் வாயை அடைத்தவனும் அவன்தான். வாஸ்தவம். ஆனால் ஏகாதிபத்தியம் செய்ததை எடுத்துக்காட்டித் தொழிலாளி அரசு செய்ததற்கு நியாயம் தேடுவது எந்த ஊர் நியாயம்? ஏகாதிபத்தியத்திடம் நாம் உண்மையை எதிர்பார்க்கவே இல்லை. தொழிலாளி அரசிடம் எதிர்பார்த்தோம்.

லெனின் 1920-ல் எழுதிய 'இடதுசாரிக் கம்யூனிசம்' நூலில், ஒரு கட்சி தன் தவறுகளிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அந்தக் கட்சியை எடைபோடும் முக்கியமான அளவுகோலாக வைக்கிறார். பகிரங்கமாக ஒப்புக்கொள், காரணத்தை ஆராய், திருத்து என்பது அவருடைய கருத்தின் சாரம். இது எதிரி எழுதியதல்ல. இந்த நூல் மாஸ்கோவில் ஒவ்வொரு தணிக்கைக்காரனின் அலமாரியிலும் இருந்திருக்கும்.

தவிர, மறைத்ததால் லாபம் கிடைத்ததா? 1937-ஐ மறைத்தார்கள். ஆனால் 1937-ல் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை ஒவ்வொரு தெருவிலும் இருந்தான். சிறைப்பட்ட சிப்பாயின் கதையை மறைத்தார்கள். அந்தச் சிப்பாய் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். தான் கண்ணால் கண்டது புத்தகத்தில் இல்லை என்று தெரிந்தவன், புத்தகத்தில் உள்ள மற்ற உண்மையையும் சந்தேகிக்கத் தொடங்குவான். 1980-களின் கடைசியில் மூடிவைத்த பீரோக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்தபோது, நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்கக்கூட ஜனங்களுக்கு நிதானம் இல்லை. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்ததற்கு ஆயிரம் காரணம் உண்டு. பொருளாதாரம் உண்டு, அந்நியர் சதியும் உண்டு. கட்சி பேசுவதை ஜனங்கள் நம்பாமல் போனதும் அந்தக் காரணங்களில் ஒன்று. அது அந்நியன் கொண்டுவந்து கொடுத்ததல்ல.

ஜுக்கோவுக்கு மலைமலையாகக் கடிதம் வந்தது. முதல் பதிப்பைப் படித்த பழைய சிப்பாய்கள், விதவைகள், தொழிலாளிகள் எழுதினார்கள். இது விட்டுப்போயிற்று, அது தவறு, எங்கள் படைப்பிரிவைக் குறிப்பிடவில்லை என்று எழுதினார்கள். கிழவர் அவற்றைப் படித்து, உடம்பு முடியாத நிலையிலும் திருத்தி, இரண்டாம் பதிப்பைத் தயார் செய்தார். 1973-ல் மனைவி இறந்தாள். 1974 ஜூன் 18-ல் அவரும் காலமானார். இரண்டு தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பை அவர் கையில் பிடித்துப் பார்க்கவில்லை. 1985-ல் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பும் வெட்டுப்பட்ட பிரதியிலிருந்து வந்ததுதான். பழைய படிப்பகங்களில் அந்த இரண்டு தொகுதிகளைப் பார்க்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

மகளிடம் மூலப் பிரதி பத்திரமாக இருந்தது. அதை வைத்து 1990-ல் பத்தாவது பதிப்பு மூன்று தொகுதிகளாக வந்தது. பதிப்பித்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். முன்பு வெட்டப்பட்டிருந்த வரிகளையெல்லாம் சாய்ந்த எழுத்தில் அச்சிட்டார்கள். நேர் எழுத்து, பழைய பதிப்பில் வந்தது. சாய்வெழுத்து, இருபது வருஷம் இருட்டில் கிடந்தது. எழுத்தறியாதவன்கூடப் பக்கத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்து, எங்கே வெட்டினார்கள் என்று விரல் வைத்துக் காட்டலாம். கர்னல் பிரெஷ்னேவைத் தேடிப் போன வரி அதில் இல்லை.

அடுத்த கூட்டத்தில் ஜூன் 22 அத்தியாயத்தை முழுதாக வாசிக்கலாம் என்றிருக்கிறோம். இரவு ஷிப்டுத் தோழர்களும் வரத் தோதாக ஞாயிறு காலையில் வைத்துக்கொள்வோம். மின்ஸ்க் விசாரணைப் பக்கங்களையும் அதோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்று நடவுக்குப் போகும் பெண் தோழர்கள் கேட்டிருக்கிறார்கள். அதையும் வாசிப்போம்.